காய்ச்சல் வராத தொண்டை

மாவு மில் சின்னி உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவாள். கோழித் தூக்கம் இல்லை, அசந்த தூக்கம். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, இமையெல்லாம் மாவு படிந்து அவள் தூங்குகிற கோலத்தைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்குப் பகீரென்று இருக்கும். ஐயையோ, இந்தம்மா தூங்குகிறதே, என் கோதுமை என்ன ஆகிறது என்று தவிப்பார்கள். பழகியவர்கள் சிரிப்பார்கள். மேலே தகரத் தொட்டியில் தானியம் தீரப் போகும்போது கல்லின் சத்தம் ஒரு துளி மாறும். உங்களுக்கும் எனக்கும் அது தெரியாது. சின்னிக்குத் தெரியும். கண் திறப்பதற்கு முன்பே அவள் கை சுவிட்சுக்குப் போயிருக்கும். தானியம் இல்லாமல் ஓடினால் கல் பாழாகும், மாவிலும் கல்பொடி விழும். அவள் மில்லில் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

"ராத்திரியெல்லாம் என்னதான் செய்யற சின்னி? களவாடப் போறியா?" என்று கேலி செய்யாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

"தூக்கம் நிக்க மாட்டேங்குதுக்கா. வருது, உடனே போயிடுது. என்னமோ ஒரு வியாதி," என்பாள்.

வியாதி என்றுதான் அவள் உண்மையாகவே நம்பினாள். டீயை நிறுத்தினாள். தலையணையை மாற்றினாள். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள், மறுபடி சுவர் பக்கம் தள்ளினாள். ஒன்றும் பலிக்கவில்லை. மகளுக்கு நான்கு வயது ஆனபோது ஆரம்பித்தது, ஆறு வயது ஆகியும் விடவில்லை.

சின்னி என்பது வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். அக்கா, அண்ணன், அப்புறம் இவள். கடைக்குட்டி. நாற்பதைத் தாண்டி, தலையில் மாவு எது நரை எது என்று தெரியாத வயது வந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

சின்னவயதில் அவள் உடம்பு இரும்பு. அக்காதான் நோஞ்சான். மழையில் நனைந்தால் தொண்டை வலி, வெயிலில் அலைந்தால் காய்ச்சல், ஒன்றும் செய்யாமல் வீட்டில் கிடந்தால் இரண்டும். ஒரு நாள் அம்மா அக்காவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஸ்பூனை வைத்து நாக்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "டான்சில். எடுத்துடணும். வீட்டுல வேற பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு இருக்கிறது என்றாள் அம்மா. "அவங்களையும் கூட்டிட்டு வாங்க. சேர்த்து எடுத்துடலாம். என்னிக்கா இருந்தாலும் வரப்போறதுதானே!" என்றார் அவர். ஏதோ கிணறு தோண்டுகிற ஆள் வந்திருக்கும்போதே பக்கத்து வீட்டுக்கும் தோண்டிவிடலாம் என்கிற மாதிரி. அந்தக் காலத்து வழக்கம் அது. அவர்கள் தெருவில் டான்சில் உள்ள பிள்ளைகளைவிட இல்லாத பிள்ளைகள்தான் அதிகம். ஒருவரும் அதை அதிசயமாக நினைக்கவில்லை.

பிள்ளைகளிடம் அம்மா ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. போட்டோ எடுக்கப் போகிறோம் என்றாள். சின்னி நல்ல கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டு, ரிப்பன் சரியில்லை என்று அழுது, இரண்டு தரம் கட்டச் சொல்லி, சிரித்துக்கொண்டே போனாள். அறைக்குள் ஒரு பெரிய விளக்கு இருந்தது. அதுதான் போட்டோ விளக்கு என்று நினைத்து நேராக நின்று பல்லைக் காட்டினாள். பாவி! அப்புறம் முகத்தில் ஏதோ வைத்து அமுக்கினார்கள். மூச்சு முட்டியது.

விழித்தபோது தொண்டையில் தீ. வரிசையாக மூன்று கட்டில்கள். அம்மா கடைசிக் கட்டிலில், அக்காவின் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சின்னி கூப்பிட்டாள். குரலே வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அம்மா திரும்பவில்லை. வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. அந்த முதுகு மட்டும் போகவே இல்லை.

பெரியவளான பிறகு ஒரு நாள் கேட்டேவிட்டாள். "எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையே, எனக்கு எதுக்கும்மா எடுத்தீங்க?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "எல்லாருக்கும் எடுத்தாங்கடி," என்றாள். அவ்வளவுதான் பதில். அம்மா காலமாகிற வரைக்கும் வேறு பதில் வரவில்லை. அவளிடம் வேறு பதில் இல்லை, பாவம். ஆனால் சின்னி மனதுக்குள் ஒன்று முடிவு செய்துவைத்தாள். எனக்குப் பிள்ளை பிறந்தால் அதன் தொண்டையில் ஒருவனும் கத்தி வைக்கக் கூடாது. அதனிடம் நான் பொய் சொல்லவும் கூடாது.

நடுவில் அண்ணன் மகன் கதை ஒன்று உண்டு. அந்தப் பயலுக்கு அக்காவின் தொண்டை. மாதம் தவறாமல் பழுக்கும், உடம்பு கொதிக்கும், பரீட்சை நாளாகப் பார்த்து வரும். அண்ணன் சைக்கிள் கடையைச் சாத்திவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். "எடுத்துடுங்க சார். எங்க மூணு பேருக்கும் ஒரே நாள்ல எடுத்தாங்க," என்று ஏதோ குடும்பப் பெருமை மாதிரி சொன்னான். அந்த டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். "அதெல்லாம் இப்ப செய்யறதில்லைங்க. வளர வளரத் தானா சரியாயிடும். மருந்து தர்றேன், பொறுத்துப் பாருங்க," என்றார். அண்ணன் குதியாய்க் குதித்தான். இன்னும் இரண்டு டாக்டரிடம் போனான். மூன்று பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில். கடைசியில் பார்த்தால் பையனுக்குப் பதினொரு வயதில் தொண்டை வலி தானாகவே நின்றுவிட்டது. இப்போது மீசை முளைத்து, கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். ஐஸ் தண்ணீராகக் குடிக்கிறான்.

இதைக் கேட்ட நாளிலிருந்து சின்னிக்கு ஒரே எரிச்சல். அப்படியானால் எனக்கு எடுத்தது சும்மாதானே? சும்மா போகிற தொண்டையைக் கூப்பிட்டு அறுத்தார்களே!

சின்னிக்குக் கல்யாணம் ஆனதும், மாமனாரின் மில் கைக்கு வந்ததும், அப்புறம் வெகுநாள் காத்திருந்து மகள் பிறந்ததும் சொல்ல ஆரம்பித்தால் நீளும். அவள் கணவர் பஸ் கண்டக்டர். நல்ல மனுஷன். பஸ்ஸில் நாளெல்லாம் கத்திவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார். தூக்கத்தில்தான் பேசுவார், அதாவது குறட்டை விடுவார். அந்தக் குறட்டை மகளுக்கும் வந்தது. மூன்றரை அடி உயரக் குழந்தை, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி ஒல்லி, அதற்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம். கண்டக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் பொண்ணு! சந்தேகமே வேண்டாம்!" என்று சொல்லி, 'மோட்டார்' என்று பெயரும் வைத்துவிட்டார். விருந்தாளி வந்தால், "சத்தம் போடாதீங்க, மோட்டார் ஓடுது. வந்து கேளுங்க," என்று கதவோரம் கூட்டிப்போய்க் காட்டுவார். அவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "கொடுத்துவெச்ச குழந்தை. என்னமா தூங்குது பாரு," என்பார்கள். சின்னியும் அப்படித்தான் நினைத்தாள். சத்தம் வந்தால் ஓடுகிறது, ஓடினால் நல்லது. மில்லுக்காரிக்கு வேறெப்படித் தோன்றும்?

நல்லா தூங்குகிற குழந்தை காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்றது. தூக்கி உட்காரவைத்தால் உட்கார்ந்தபடி சாய்ந்தது. ஆறு வயதிலும் படுக்கையை நனைத்தது. ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. வாயைத் திறந்தே வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு காரணம் இருந்தது. சோம்பல், செல்லம், டிவி. கடைசியில் பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாள்: "வகுப்புல தூங்கறா. எழுப்பினா அழறா. முதல்ல மந்தம்னு நினைச்சேன். இல்ல, கெட்டிக்காரி. உடம்புல ஏதோ இருக்கு. ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

காட்டினார்கள். காது மூக்கு தொண்டை பார்க்கிற பெண் டாக்டர். வயது அதிகம் இல்லை. மகளை ஆ காட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாப்பாவுக்கு டான்சில் ரெண்டும் ரொம்பப் பெருசா இருக்கு. மூக்குக்குப் பின்னாடி இருக்கற சதையும் வளர்ந்திருக்கும்னு நினைக்கறேன். எடுத்துடறது நல்லது."

சின்னியின் குரல் உயர்ந்தது.

"அதுக்குக் காய்ச்சல் வரணுமே?"

"வருதா?"

"வரல. தொண்டை வலின்னு இவ ஒரு நாள்கூட சொன்னதில்ல."

"பரவாயில்லம்மா. நான் அதுக்காகச் சொல்லல."

"பின்ன எதுக்காக? எங்க அண்ணன் பையனுக்கு மாசா மாசம் தொண்டை பழுத்துச்சு, காய்ச்சல்ல கொதிச்சான். எடுக்க வேண்டாம்னாங்க. இவளுக்குக் காய்ச்சலே வரல, எடுக்கணும்ங்கறீங்க. வந்தவனுக்கு வேண்டாமாம், வராதவளுக்கு வேணுமாம்! இதென்னங்க நியாயம்?"

டாக்டர் கோபப்படவில்லை. "நல்ல கேள்விதான். தூக்கத்துல குறட்டை விடறாளா?" என்றார்.

"குறட்டைக்கு ஆபரேஷனா! அப்ப முதல்ல இவரைப் படுக்க வைங்க," என்று கணவரைக் கைகாட்டினாள் சின்னி. கண்டக்டர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஏதேதோ பொறுமையாக விளக்கினார். ஒன்றும் சின்னியின் காதில் ஏறவில்லை. அவள் கண்ணில் பெரிய விளக்கும் மூன்று கட்டிலும்தான் தெரிந்தன. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். கதவு வரைக்கும் போனபோது டாக்டர் கண்டக்டரிடம், "ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. பாப்பா தூங்கும்போது போன்ல வீடியோ எடுங்க. முகமும் நெஞ்சும் தெரியணும். எடுத்துட்டு நீங்களே பாருங்க, போதும்," என்று சொன்னார்.

வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று சின்னி சட்டம் போட்டாள். அண்ணன் வந்து எண்ணெய் ஊற்றினான். "காதுல பூ சுத்தறாங்க சின்னி. பசங்களுக்குக் காய்ச்சல் வர்றது குறைஞ்சுபோச்சுல்ல, அதான் புதுசா ஒரு காரணம் கண்டுபிடிக்கறாங்க." அக்கா மட்டும், "இன்னொரு தடவை போய் நிதானமா கேட்டுத்தான் பாரேன்டி. கேட்டா அறுத்துடவா போறாங்க?" என்றாள். சின்னி அக்காவோடு நான்கு நாள் பேசவில்லை.

கண்டக்டர் வாயைத் திறக்கவில்லை. அவர் சுபாவம் அப்படி, பதில் சொல்ல மாட்டார், சொன்ன வேலையைச் செய்துவிடுவார். ஒரு நாள் மத்தியானம், மில்லில் மூன்று பேர் வாளியோடு காத்திருக்கிற நேரத்தில், காக்கி உடுப்போடு வந்து நின்றார். தோளில் டிக்கெட் பை தொங்கியது. வேலையை நடுவில் விட்டுவிட்டு வருகிற ஆளே இல்லை அவர். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மெஷினை நிறுத்து," என்றார்.

"ஏங்க, என்னாச்சு? பாப்பா..."

"பள்ளிக்கூடத்துல இருக்கா. நல்லா இருக்கா. ராத்திரி எடுத்த வீடியோவை இப்பதான் முழுசா பார்த்தேன். நீ நிறுத்து."

நிறுத்தினாள். அவர் போனை அவள் முன்னால் பிடித்தார். மங்கலான வெளிச்சத்தில் மகளின் முகம். வாய் திறந்திருந்தது. மோட்டார் ஓடியது. சின்னியின் உதட்டில் பழக்கத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்போது சத்தம் நின்றது. நெஞ்சு மட்டும் மேலும் கீழும் அடித்துக்கொண்டது, தண்ணீருக்குள் இருக்கிறவளுக்கு அடித்துக்கொள்வதைப்போல. மூச்சு இல்லை. இன்னும் இல்லை. சின்னி போனைப் பிடுங்காத குறையாக முன்னால் சாய்ந்தாள். படத்துக்குள் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. மகளின் தோளைப் பிடித்து உலுக்கி, ஒருபக்கமாகப் புரட்டிவிட்டது. மகள் மூச்சை இழுத்தாள். மோட்டார் மறுபடி ஓடியது. கை திரும்பிப் போனது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நின்றது. மறுபடி அதே கை வந்தது.

"இது யார் கை?" என்றாள் சின்னி.

"என்ன கேள்வி இது? உன் கைதான்."

"நான் முழிச்சிருந்தேனா?"

"இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன். கண்ணே திறக்கல நீ. நாலாவது தடவைதான் எழுந்து உட்கார்ந்த. தண்ணி குடிச்ச. 'பாழாப்போன தூக்கம்'னு திட்டிட்டுப் படுத்துட்ட." கண்டக்டர் போனைப் பைக்குள் போட்டார். "நான் என்னடான்னா வர்றவன் போறவனுக்கெல்லாம் அதைக் கேட்கவெச்சு வேடிக்கை காட்டினேன், சின்னி."

சின்னி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷமாக வியாதி வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா? அவள் மனசு வேறொரு இடத்துக்கு ஓடியது. போன மாதம் அக்கா மகள் கல்யாண வேலைக்காக இரண்டு ராத்திரி அக்கா வீட்டில் தங்கினாள். மகள் இங்கே, அப்பாவோடு. அந்த இரண்டு ராத்திரியும் எந்தக் கை போனது? வாளியோடு நின்ற மூன்று பேரும் ஒன்றும் கேட்காமல் வாளியை வைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாளே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். "அன்னிக்கு நான் காதைப் பொத்திக்கிட்டேன். இப்ப இந்த மாவு மில்லுக்காரிக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றாள்.

"உங்க மில்லுக்கு ஒரு வாசல்தானே? அந்த வாசல்ல ரெண்டு பக்கமும் பெரிய மூட்டையா வெச்சுட்டா, பகல்ல நீங்க ஒருக்களிச்சுப் போயிடுவீங்க. பாப்பாவும் பகல்ல சமாளிச்சுடறா. தூங்கும்போது உடம்பு தளர்ந்துடும். மூட்டை ரெண்டும் நடுவுல வந்து முட்டிக்கும். மூச்சு போகாது. மூச்சு போகலைன்னா உடம்பு அவளை எழுப்பிவிடும். ராத்திரியெல்லாம் இப்படி எழுந்தா பகல்ல எப்படிப் படிப்பா, எப்படி வளருவா?"

"அப்ப என் அண்ணன் பையன்?"

"உங்க காலத்துல தொண்டை வலின்னாலே எடுத்துடுவாங்க. ஒருத்தருக்கு வந்தா வீட்டுல எல்லாருக்கும். அப்புறம் கவனிச்சுப் பார்த்தாங்க. நிறையப் பிள்ளைங்களுக்கு வயசு ஏற ஏறத் தானா குறைஞ்சுடுது. அதனால கையைக் கட்டிக்கிட்டாங்க. உங்க அண்ணன் பையனைக் கூட்டிட்டு அந்த நேரத்துல போயிருக்கார். இப்பவும், வருஷத்துல பல தடவை ரொம்ப மோசமா வந்தா எடுப்போம். ஆனா என்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல முக்கால்வாசி தூக்கத்துக்காகத்தான் வர்றாங்க. முன்னாடியும் இந்தப் பிள்ளைங்க இருந்திருப்பாங்க. குறட்டைன்னு சிரிச்சுட்டு விட்டிருப்போம்."

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு எடுத்தது?" என்றாள் சின்னி. சின்னவயதிலிருந்து சுமந்த கேள்வி அது.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்மா. நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சாங்க. நான் செய்யறதையும் நாளைக்கு ஒருத்தர் தப்புன்னு சொல்லலாம். இன்னிக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது பாப்பாவுக்குத் தேவை."

சின்னி சரி என்றாள். முதல் தடவையாக ஒரு டாக்டரை அவளுக்குப் பிடித்திருந்தது.

மகளிடம் எப்படிச் சொல்வது என்பதில் வீட்டில் சின்னப் போர். "ஐஸ்கிரீம் சாப்பிடப் போறோம்னு சொல்லிடலாம். அது பொய்கூட இல்ல, அப்புறம் தரத்தானே போறாங்க," என்றார் கண்டக்டர். சின்னி முறைத்த முறைப்பில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மில்லைச் சாத்திவிட்டு, மகளை மூட்டைமேல் உட்காரவைத்து, உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். மயக்க மருந்து கொடுப்பார்கள். தொண்டையில் இரண்டு சதையை எடுப்பார்கள்.

"வலிக்குமா?"

"எடுக்கும்போது தெரியாது. முழிச்ச பிறகு வலிக்கும்."

"ரொம்பவா?"

சின்னிக்கு நாக்கு நுனி வரை வந்தது, கொஞ்சம்தான் என்று. விழுங்கினாள். "ரொம்ப வலிக்கும்டா. ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் போயிடும்."

மகள் ஒரு கத்து கத்தி, மூட்டையிலிருந்து குதித்து, மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. அம்மா ஊட்டினால் சாப்பிடவில்லை. "அப்பாதான் நல்லவங்க. நீ கெட்டவ," என்றாள். சின்னி அதையும் வாங்கிக்கொண்டாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

நான்காவது நாள் மகளே வந்தாள். "எனக்குக் காய்ச்சலே இல்லியே, எனக்கு ஏன்?" என்று கேட்டாள்.

சின்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வி! ஆனால் இந்தத் தடவை கேட்கிறவளுக்கு ஒரு பதில் இருந்தது. போனை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். மகள் முதலில் தன் குறட்டையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சத்தம் நின்றபோது சிரிப்பும் நின்றது.

"ஏம்மா நின்னுச்சு?"

"அந்த ரெண்டு சதை வந்து வழியை அடைச்சுக்குது."

கை வந்து போவதை மகள் பார்த்தாள். திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தாள். "தினமும் எழுப்புவியா?" என்றாள்.

"எழுப்புவேன் போல. எனக்கே தெரியலடா."

மகள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம், "முழிக்கும்போது நீ எங்க இருப்ப?" என்றாள்.

"நேரா எதிர்ல. கண்ணைத் திறந்தா என் மூஞ்சிதான் தெரியும்."

ஆபரேஷன் அன்று மகள் பழைய கவுனைத்தான் போட்டுக்கொண்டாள். கதவு வரைக்கும் நடந்தே போனாள். திரும்பிப் பார்த்தாள், உதடு துடித்தது, உள்ளே போய்விட்டாள். வெளியே பெஞ்சில் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் அந்தப் பழைய நாள்தான் நினைவில். அக்காவே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு எனக்கு ரத்தம் நிக்கலடி. வாய் வாயா வந்துச்சு. அம்மா கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா."

"நான் கூப்பிட்டேன்கா. திரும்பவே இல்ல."

"உனக்குத்தான் சத்தமே வரலியே சின்னி. அவளுக்கு எப்படிக் கேட்கும்?"

சின்னி அக்கா தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மூன்று கட்டில், ஒரே ஒரு அம்மா. இத்தனை வருஷம் அவள் தன் கட்டிலில் படுத்துக்கொண்டேதான் அந்த அறையைப் பார்த்திருந்தாள்.

நர்ஸ் வந்து கூப்பிட்டதும் ஓடினாள். மகள் அசைந்தாள், முகத்தைச் சுளித்தாள், கண்ணைத் திறந்தாள். நேர் எதிரே அம்மாவின் முகம். மகளின் உதடு அசைந்தது. சின்னி காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"நீ சொன்ன மாதிரியே வலிக்குது," என்றது காற்று மாதிரி ஒரு குரல். குற்றமாகச் சொல்லவில்லை. அம்மா சரியாகச் சொல்லியிருக்கிறாள் என்று ஒப்புக்கொள்கிற குரல்.

வலி சொன்னபடியே பத்து நாள் இருந்தது. தொண்டையோடு காதும் வலித்தது. மகள் அழுதாள், துப்பினாள், ஐஸ்கிரீமையே வேண்டாம் என்றாள். பதினோராவது நாள் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவது கேட்டாள். கண்டக்டர் தட்டை நிரப்பிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொள்ள வெளியே போனார்.

ஆனால் சின்னிக்குத் தூக்கம் வரவில்லை. முன்னாவது வந்து வந்து போனது, இப்போது வரவே இல்லை. வீட்டில் அப்படி ஒரு நிசப்தம். குனிந்து பார்ப்பாள், மூக்குக்குக் கீழே விரலை வைப்பாள், எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மனசு கேட்க வேண்டுமே!

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு மத்தியானம். மில்லுக்கு அரைநாள் லீவு விட்டுவிட்டு மகளோடு படுத்தாள். மகள் படுத்ததும் தூங்கிவிட்டாள். வாய் மூடியிருந்தது. மகள் வாயை மூடித் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. மூடிய வாயோடு அது வேறு ஒரு முகம். அச்சு அசல் சின்னியின் அம்மா. சின்னி முழங்கையை ஊன்றிக்கொண்டு, கண் எரிய எரிய, அந்த முகத்தையே பார்த்தாள். நேரம் போனதே தெரியவில்லை.

மகள் கண்ணைத் திறந்தாள். தன்மேல் கவிந்திருக்கிற முகத்தைப் பார்த்தாள். பாதித் தூக்கத்தில், கொஞ்சம் அலுப்போடு, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

"மூச்சு விட்டுக்கிட்டுத்தான்மா இருக்கேன். நீ தூங்கு."

சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு தூங்கிவிட்டாள். சின்னிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே தலையணையில் தலையை வைத்தாள். அழுகை முடிவதற்குள் தூங்கிப்போனாள்.